நீலம் எதுவரை

எர்ஸுரூமில் பனி இறங்கிப் பதினோரு நாள்.
ஆய்வகச் சன்னல் உள்பக்கமும் உறைந்துவிட்டது.
குளிர்ப்பெட்டியிலிருந்து நாற்பது கடைவாய்ப் பற்கள் எடுத்தேன்.
யாருடையவை என்று கேட்கக் கூடாது.
எண்கள் மட்டும்.

எல்லாவற்றிலும் ஒரே அளவுக் குழி.
பாதிக்கு ரெசின், பாதிக்கு கிளாஸ் அயனோமர்.
விளக்கொளியில் இருபது நொடி இறுகும்போது
ரெசின் கொஞ்சம் சுருங்கும்.
கொஞ்சம் என்றால்
நம் கண்ணுக்கு ஒன்றுமே இல்லை,
கிருமிக்கு ராஜபாட்டை.

பிறகு அவற்றை வாழவைக்க வேண்டும்.
ஐந்து டிகிரி நீரில் அரை நிமிடம்,
ஐம்பத்தைந்தில் அரை நிமிடம்,
ஐநூறு முறை.
இயந்திரம் பழுது. அங்காராவிலிருந்து உதிரி பாகம் வரவில்லை.
தேநீர் கொண்டுவரும் ஜுல்குஃபிடம்
பெரிய வடிகட்டி ஒன்று கடன் வாங்கி
இரண்டு நாள் கையாலேயே முக்கி எடுத்தேன்.

அவர் நின்று பார்த்தார்.
"பனியில் நடந்து வந்து
சர்க்கரைக் கட்டியைப் பல்லில் இடுக்கிக்கொண்டு
கொதிக்கக் கொதிக்கத் தேநீர் குடிக்கிறோம்.
அதற்கு நீங்கள் கணக்கு வைக்கிறீர்கள், அவ்வளவுதானே?"
அவ்வளவுதான் என்றேன்.

அடைப்பின் விளிம்பில் ஒரு மில்லிமீட்டர் விட்டு
மற்ற இடமெல்லாம் நகப்பூச்சு, இரண்டு கோட்டிங்.
ஏழு சிவப்புக் குப்பிகளைப் பார்த்து
கடைப்பெண் கேட்டாள்: "வீட்டில் கல்யாணமா?"
ஆமாம், நாற்பது பெண்களுக்கு.

சாயத்தில் இறக்கப் போகையில்
ஜுல்குஃப் சட்டைப்பையிலிருந்து
ஒரு காகிதப் பொட்டலம் எடுத்தார்.
போன வாரம் பிடுங்கியது.
ஈறு கைவிட்டதே தவிர பல் கெடவில்லை.
நடுவில் கறுத்த அமால்கம்.
முப்பத்தொரு வருடங்களுக்கு முன்
சாரிகாமிஷ் ராணுவ முகாமில்
கை நடுங்கும் ஒரு டாக்டர் அடைத்தாராம்.
"இதையும் உங்கள் நீலத்தில் போடுங்களேன்."

நாற்பது என்றால் நாற்பதுதான்.
போட்டேன்.
குறிப்பேட்டில் எழுதவில்லை.

ஒரு பகல், ஓர் இரவு.
வைர ரம்பம் ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிளந்தது.
எது எந்தக் குழு என்று தெரியாத ஃபெரிதுன்
நுண்ணோக்கியில் குனிந்து மதிப்பெண் சொன்னார்.
நீலம் நுழையாவிட்டால் பூஜ்ஜியம்,
குழியின் தரையைத் தொட்டால் மூன்று.
இருபத்துமூன்றாம் பல்லுக்கு நான் இரண்டு என்றேன், அவர் ஒன்று.
ஹீட்டர் அணைந்து போனபிறகும் சண்டை.
பூஜ்ஜியம் வாங்கியவை ஆறு.
வேர்ப்பக்கம் எனாமல் முடியும் இடத்தில்
ரெசின்கள் வரிசையாகத் தோற்றன:
விளம்பரத் தாளில் அவ்வளவு ஒட்டியவை.

கடைசியில், அவர் போனபின், அந்த நாற்பத்தொன்று.

நீலம் வாசலிலேயே நின்றிருந்தது.
உலோகத்துக்கும் பல்லுக்கும் நடுவே
மயிரிழையாய் ஒரு கறுப்பு.
துரு.
அமால்கம் பல்லோடு ஒட்டுவதே இல்லை,
வைத்த புதிதில் தாராளமாகக் கசியும்.
பிறகு எச்சில் அரிக்க அரிக்க
அரிபட்ட துகளே இடுக்கில் இறங்கி
வழியை அடைத்துவிடுகிறது.
புத்தகத்தில் படித்தது.
கண்ணால் பார்த்தபோது
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

ஒரு பல் சாட்சி ஆகாது, தெரியும்.
முப்பத்தொரு வருடம் வாயில் நின்றவை மட்டும்தான்
என் மேசைக்கு வந்து சேரும்,
தோற்றவை எப்போதோ குப்பைக்குப் போயிருக்கும்.
அதுவும் தெரியும்.

காலையில் ஜுல்குஃப் கேட்டார்: "கசிந்ததா?"
"துளிகூட இல்லை. யாரிடமும் சொல்லாதீர்கள்."

பத்து மணிக்கு எக்ஸ்ரே அறைக்குத் தெரிந்தது.
பதினொன்றுக்கு, பல் செட் கட்டும் பையன்கள்
படிக்கட்டில் கைகொடுத்தார்கள்.
மதியம் முனெவ்வெர் பேராசிரியர்
தேநீர்க் கோப்பையோடு என் மேசை முன் நின்றார்:
"அது என்ன, நாற்பத்தொன்றாவது பல்?"

என் பல்லிடுக்கில் சர்க்கரைக் கட்டி.
கரையும்வரை பேச முடியாது என்று
கையால் காட்டினேன்.
அது மெல்லத்தான் கரைந்தது.